ஆடுகளம் நிறைந்தால்தான் வேலை
ஓடும்போது இதயமும் தசையும் இயங்கும் முறையை ஆராயும் உடற்பயிற்சி உடலியங்கியல், தாவும் காலின் கோணத்தையும் விசையையும் அளக்கும் உயிர் இயக்கவியல், ஊட்டச்சத்து, உளவியல் ஆகியவற்றை ஒன்றிணைத்த கல்வியே விளையாட்டு அறிவியலாகும்.

பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தின் தலைநகரில், 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983-இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இதனோடு தொடர்புடைய உடற்கல்வியைக் கற்பிக்கின்றன. அதே நகரின் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் உண்டு. மாநில எல்லையைக் கடந்தால், விளையாட்டுக்கெனவே அமைந்த தமிழ்நாடு அரசின் பல்கலைக்கழகம் சென்னை அருகே இருக்கிறது.

விளையாட்டு அறிவியல் பட்டதாரிகள் விளையாட்டு அணிகளிலும் பயிற்சி மையங்களிலும் உடற்தகுதிப் பயிற்றுநராகவும், ஆட்டத்தைப் படம்பிடித்துப் பகுத்தாயும் வல்லுநராகவும் பணியாற்றலாம் என்றாலும், பள்ளி உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் பி.பி.எட். போன்ற உடற்கல்வி ஆசிரியர் தகுதியும், காயத்துக்குச் சிகிச்சையளிக்க விரும்புவோர் இயன்முறை மருத்துவப் பட்டமும் தனியே பெற வேண்டும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அறிந்திருப்பது மிக அவசியம். பிந்தித் தெரிந்துகொண்டால் ஆண்டுகள் வீணாகும்.

பெரும் அணிகளில் இடங்கள் மிகச் சிலவே. மதனப்பள்ளி, புத்தூர் போன்ற ஊர்களில் சாதாரணச் சிறுவரும் சிறுமியரும் மாலைதோறும் ஆடுகளத்துக்கு வரும்போதுதான் பயிற்றுநருக்கான தேவை ஊர்தோறும் பெருகும். ஆகவே, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தைப் பள்ளிகள் முதலில் கைவிட வேண்டும்.