தாயார் தந்த உத்தரவு

சேலத்திலிருந்து தெற்கு நோக்கி நாமக்கல்லை அணுகும்போது, மரவள்ளியும் சோளமும் விளையும் சமவெளியின் நடுவே ஒற்றைப் பாறை ஒன்று மலையாக நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் கொணர்ந்த சாளக்கிராமமே இவ்வாறு வளர்ந்து நின்றது என்பது தலபுராணம். அம்மலையைக் குடைந்த குகையில் நரசிம்மப் பெருமாள் வீற்றிருக்கிறார். தனிச் சந்நிதியில் நாமகிரித் தாயார் அருள்பாலிக்கிறார். எதிரே, கூரையற்ற வெளியில், 18 அடி உயர ஆஞ்சநேயர் பெருமாளை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார்.

தாயாரின் திருமுன் பெரியோர்கள் வைக்கும் விண்ணப்பங்களில் பல, அவர்கள் தமக்காக வைப்பவை அல்ல. மகனின் உத்தியோகம், பேத்தியின் மேற்படிப்பு, பேரனின் வெளிநாட்டுப் பயணம் என்று அடுத்த தலைமுறைக்காகவே கைகள் குவிகின்றன. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலும் அத்தகைய விண்ணப்பம் ஒன்று இச்சந்நிதிக்கு வந்தது. அதற்கு உரியவர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன். அப்போது அவருக்கு வயது 26.

ராமானுஜனின் குலம் தாயாருக்கே அடிமைப்பட்டது. அவருடைய தாய் கோமளத்தம்மாள் மக்கட்பேறின்றி இருந்தபோது, நாமகிரித் தாயாரிடம் வேண்டிக்கொண்ட பிறகே, 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் இப்பிள்ளை பிறந்ததாகக் குடும்பத்தார் கூறுவர். கணித உண்மைகளைக் கனவில் தாயாரே அருளியதாக ராமானுஜன் பின்னாளில் சொன்னதும் பலர் அறிந்ததே. ஆயினும் அவர் கனவை மட்டும் நம்பிக் கைகட்டி இருந்தவர் அல்லர். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

அவருடைய குறிக்கோள் மிகச் சிறியது, மிகத் தெளிவானது. கணிதம் செய்ய நேரம் வேண்டும்; அதுவரை உயிர் தரிக்க ஊதியம் வேண்டும். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். துணிக்கடையில் கணக்கெழுதி மாதம் 20 ரூபாய் பெற்ற தந்தைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுவது எளிதன்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி கிட்டவில்லை. 1909-இல் திருமணமும் ஆயிற்று.

1910-இல் அவர் கையில் கணிதக் குறிப்பேடுகளுடன் திருக்கோவிலூர் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரைக் கண்டார். அங்கிருந்து அறிமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்ததும் அவர் எழுதிய அடுத்த கடிதம் படிக்கத் தக்கது. தாம் அரைப்பட்டினி நிலையில் இருப்பதையும், மூளை வேலை செய்ய முதலில் உணவு வேண்டும் என்பதையும், ஹார்டியின் பரிவான ஒரு கடிதம் இருந்தால் இங்கே உபகாரச் சம்பளம் பெற உதவும் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். யாரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்காகக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்ட கடிதம் அது. அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. அதற்கு ஈடாக அவர் காலாண்டு அறிக்கைகளையும் ஒழுங்காக அளித்தார்.

ஹார்டி இங்கிலாந்துக்கு அழைத்தபோது மட்டும் ராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். அக்காலத்தில் கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம். திரும்பி வருபவரைச் சாதியார் விலக்கிவைப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் சம்மதம் இல்லை. கோயிலில் பஜனை பாடிக் குடும்பத்துக்குச் சிறிது பொருள் சேர்த்து, வறுமையில் மகனை ஆளாக்கிய அன்னை அவர். அவருடைய தயக்கத்தை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்குவது நியாயமாகாது.

இந்நிலையில்தான் நாமக்கல் யாத்திரை. துறைமுகக் கழகத்தில் ராமானுஜனின் மேலதிகாரியும் கணித அன்பருமான நாராயண ஐயர் உடன் வந்தார். நாமக்கல்லுக்கு அப்போது ரயில் கிடையாது. சேலம்–கரூர் ரயில் ஓடத் தொடங்கியது சரியாக நூறாண்டு கழித்து, 2013-இல்தான். சேலத்திலிருந்து சாலை வழியே வந்து கோயிலில் தங்கி, மூன்றாம் இரவில் ராமானுஜனே உத்தரவு பெற்றார் என்பது ஒரு வரலாறு. ஐரோப்பியர் சூழ்ந்த மண்டபத்தில் தம் மகன் அமர்ந்திருக்கக் கோமளத்தம்மாள் கனவு கண்டார், அவன் பிறந்த காரியத்துக்குத் தடையாக நிற்காதே என்று தாயார் கட்டளையிட்டார் என்பது மற்றொரு வரலாறு. இரண்டில் எது சரி என்று வழக்காடுவதில் பயனில்லை. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்த நெவில், ராமானுஜனை இணங்கவைக்க வாதங்களோடு வந்திருந்தார். பெற்றோரின் தடை முன்பே விலகிவிட்டதை அறிந்து வியந்தார்.

உத்தரவு கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பணம், ஆங்கிலப் பேச்சு, பரீட்சை, மரக்கறி உணவு என்று ஒவ்வொரு ஐயத்துக்கும் நெவில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய பரிந்துரையின் பேரில் ஆண்டுக்கு 250 பவுண்டும், பயணத்துக்கும் உடைக்கும் தனித் தொகையும் அனுமதிக்கப்பட்டன. பவுண்டுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது 3,750 ரூபாய். துறைமுகச் சம்பளத்தைப் போலப் பத்து மடங்கு. அதில் 50 பவுண்டு கும்பகோணத்துக் குடும்பத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட்டது. மகன் கண்காணாத தேசம் போகும்போது வீட்டில் உலை கொதிக்குமா என்ற கேள்விக்குக் கப்பல் ஏறுமுன்பே விடை எழுதியாயிற்று.

எழுதித் தீர்க்க முடியாதவையும் இருந்தன. புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் தாயையும் மனைவி ஜானகியையும் ராமானுஜன் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். குடுமி களைந்து, மேலைநாட்டு உடை அணிந்த கோலத்தை அவர்கள் காண வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1914 மார்ச் 17 அன்று ‘நெவாஸா’ கப்பல் சென்னையை விட்டு நகர்ந்தபோது அன்னை துறைமுகத்தில் இல்லை.

திட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. மரக்கறி உணவுக்குத் தடையில்லை என்று உறுதி சொன்னார்கள். அதை அந்நாட்டுக் குளிரில் நாள்தோறும் யார் சமைப்பது என்று எவரும் கேட்கவில்லை. டிரினிடி கல்லூரி அறையில் அவரே சமைத்தார், நேரம் தவறி உண்டார். ஆகஸ்டில் மூண்ட உலகப் போர் பண்டங்களையும் அரிதாக்கியது. போரை ஒருவரும் முன்னறிந்திருக்க முடியாது, சமையலை அறிந்திருக்கலாம். 1917-இல் நோய் பற்றிக்கொண்டது. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆகிய பெருமைகள் வந்தபோது உடல் நலிந்திருந்தது.

1919 ஜனவரி 11 அன்று, நாடு திரும்பும் நிலையில், பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். இனியும் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்குவதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்திருந்தது. அது தம் தேவைக்கு மேற்பட்டது என்றார். தம் செலவு போக, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு தர வேண்டும். எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஏற்பாடுகளைத் தாம் ஊர் திரும்பிய பின் செய்துகொள்ளலாம் என்றும் குறித்திருந்தார்.

மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.