மையம் தவறிய மின்னூட்டம்

சித்தேரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்கிறார்: "உலோகக் கோளக்கூட்டின் மையத்திலுள்ள மின்னூட்டத்தை ஓரமாக நகர்த்தினாலும் வெளியே மின்புலம் மாறாது என்கிறார்களே, எப்படி?" பலரும் சூத்திரத்தைப் போட்டுத் தாண்டிப் போகிற இடம் இது.

காஸ் விதி அவருக்குத் தெரிந்ததுதான். கணக்குக்கே வருவோம். கூட்டின் மொத்த மின்னூட்டம் +3 மைக்ரோகூலூம். உள்ளே, சுவரைத் தொடாமல், +2 மைக்ரோகூலூம். உலோகத்துக்குள் மின்புலம் சுழி; ஆகவே உள்சுவரில் −2 வந்தாக வேண்டும், வெளிச்சுவரில் +5 மிஞ்சும். மையத்திலிருந்து 1 மீட்டரில், அது கூட்டுக்கு வெளியே என்றால், மின்புலம் கூலூமுக்கு 45,000 நியூட்டன்.

இப்போது உள்ளிருப்பதை ஓரம் தள்ளுங்கள். பக்கத்துச் சுவரில் எதிர் மின்னூட்டம் குவிந்து அதை இன்னும் இழுக்கும். உள்ளே இவ்வளவு நடந்தும் வெளிச்சுவரின் +5க்கு ஒன்றும் தெரியாது. உள்ளிருக்கும் +2ம் உள்சுவரின் −2ம் சேர்ந்து, குழிக்கு அப்பால் எங்கும் ஒன்றையொன்று முழுதாக ரத்துசெய்துவிடுகின்றன. வெளியே இருப்பவை தமக்குள் மட்டுமே விலக்கிக்கொண்டு கோளமெங்கும் சீராகப் பரவுகின்றன. அப்பாவின் கடையில் கல்லாப்பெட்டிக்குள் நோட்டுகளை எந்த அறைக்கு மாற்றினாலும் பேரேட்டில் இருப்புத் தொகை மாறாது, அப்படித்தான்.

லண்டனில் ஃபாரடே 1843இல் இதைக் கண்ணால் பார்த்தார். 10.5 அங்குல உயரப் பனிக்கட்டி வாளி, அதோடு இணைத்த தங்க இலை மின்காட்டி, பட்டுநூலில் தொங்கிய பித்தளைக் குண்டு. குண்டு வாளிக்குள் ஆழமாக இறங்கியபின் எங்கே நகர்ந்தாலும் இலைகளின் விரிவு மாறவில்லை. அடியில் தொட்டபோதும் மாறவில்லை. வெளியே எடுத்தால் குண்டில் மின்னூட்டமே இல்லை! ஜாம் பாட்டிலும் அலுமினியத் தாளும் போதும், மின்காட்டி செய்ய. ஆனாலும் நம் பிள்ளைகள் அதைப் படமாக வரைந்தே மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆய்வகப் பீரோவின் சாவியைக் கொஞ்சம் தேடலாம்.

கூட்டைப் புவியோடு இணைத்தால் அந்த +5 மறையும், −2 அசையாது. வெளியே மின்புலம் சுழி. உள்ளிருப்பதை வெளியிலிருந்து மறைக்கத்தான் இந்த இணைப்பு தேவை. வெளியிலுள்ளதிலிருந்து உள்ளே காக்கக் கூடு மட்டுமே போதும்.

மின்னலின்போது மரத்தடியைவிட பஸ் நல்லது என்பதும் இதனால்தான். டயர் காப்பாற்றுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அத்தனை உயரக் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு ரப்பர் எம்மாத்திரம்? டயர் பைக்குக்கும் உண்டு, கூடு இல்லை. மலைப்பாதையில் இடி இடித்தால் ஜன்னலை மூடிவிட்டு, கம்பியைப் பிடிக்காமல் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள்.