இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு

தம் நாட்டில் விற்பனைக்கே வராத மகிழுந்து ஒன்றை வெளிநாட்டில் வாங்கிவந்து, தம் ஊர்ச் சாலையில் ஒருவர் ஓட்ட இயலுமா? அமெரிக்கச் சட்டம் இதற்குத் தரும் விடை விந்தையானது. இயலும்; ஆனால், அவ்வண்டிக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும்.

1980களில் டாலரின் மதிப்பு உயர்ந்திருந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற ஆடம்பர மகிழுந்துகளை ஐரோப்பாவிலேயே வாங்கிக் கப்பலேற்றுவது, உள்ளூர் முகவரிடம் வாங்குவதைவிட மலிவாக இருந்தது. தனியார் பட்டறைகள் அவற்றை அமெரிக்க விதிகளுக்கேற்ப மாற்றித் தந்தன. வேலையின் தரமோ பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டது. விற்பனையை இழந்த முகவர்கள் அரசிடம் முறையிட்டனர். 1988இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. விளக்கு முதல் மோதலைத் தாங்கும் திறன்வரை ஒவ்வொன்றையும் அமெரிக்கத் தரத்திற்கு மாற்றி மெய்ப்பிக்கும் செலவு தனியொருவரால் தாங்கக்கூடியதன்று.

எனினும், 25 ஆண்டு நிறைந்த வண்டிக்கு அப்பாதுகாப்பு விதிகள் பொருந்தா. முதுமை வண்டியைப் பாதுகாப்பானதாக்கிவிடும் என்பது இதன் பொருளன்று. அத்தகைய பழைய வண்டிகள் எண்ணிக்கையில் சிலவே, பெரும்பாலும் ஆர்வலர் கையில் இருப்பவை என்பதே இவ்விலக்கிற்குத் தக்க நியாயம் எனலாம். புகை தொடர்பான விதிக்குக் கணக்கு வேறு: 21 ஆண்டு நிறைந்து, இயந்திரம் மாற்றப்படாதிருந்தால் போதும்.

ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இதற்குத் தக்க சான்றாகும். 1989இல் வெளிவந்த இவ்வகை அமெரிக்காவில் விற்கப்படவே இல்லை. அந்நாட்டு இளைஞர் பலர் கணினி விளையாட்டில் மட்டுமே அதை ஓட்டி மகிழ்ந்தனர். 2014இல் முதல் வண்டிகள் தகுதி பெற்றன. வயது, வண்டி உருவாக்கப்பட்ட மாதத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே, 1989 ஆகஸ்டில் உருவான வண்டி 2014 ஆகஸ்டில் கரையிறங்கலாம். டிசம்பரில் உருவான அதன் இரட்டை டிசம்பர்வரை காத்திருக்க வேண்டும். முறைகேடாக முந்திக்கொண்டால் வண்டி பறிமுதலாகலாம். நசுக்கி அழிக்கப்படவும் கூடும்.

ஜப்பானியர் இவ்வண்டிகளைக் கைவிடுவது ஏன்? அங்கே புதிய மகிழுந்துக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாய ஆய்வு உண்டு. பழைய பெட்ரோல் வண்டிக்கு வரியும் கூடுதல். எனவே, அவை ஏலத்திற்கு வருகின்றன.

துறைமுகத்தைக் கடந்தாலும் ஒரு தடை எஞ்சும். இறக்குமதியை அனுமதிப்பது நடுவணரசு; பதிவெண் வழங்குவது மாநிலம். ஜப்பானிய உழவர் பயன்படுத்தும், 660 கன சென்டிமீட்டருக்கு மிகாத இயந்திரம் கொண்ட சிறு சரக்குந்துகளைச் சாலைக்கு ஏற்றவையல்ல எனச் சில மாநிலங்கள் மறுத்துள்ளன. அங்கே, சுங்கத்துறையின் அனுமதி பெற்ற சரக்குந்தும் பண்ணை வேலிக்குள்ளேயே ஓட வேண்டியிருக்கிறது.