வெளிநாட்டு ஃபிரேம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

துபாயிலிருந்து மகன் வருகிறான். சாக்லேட், சென்ட் பாட்டில்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டி. "அப்பா, இது உங்களுக்கு. இத்தாலி ஃபிரேம்!" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஓசூரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் போட்டு மாட்டிக்கொள்கிறார்.

ஒரு வாரம்தான். மூக்கின் இரு பக்கமும் சிவந்த தழும்பு. பேப்பர் படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலமானால் கழுத்து வலி, தலைவலி. "வயசாயிடுச்சு இல்லே..." என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

காரணம் வயசு இல்லை சார். ஃபிரேம்!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சுமார் நாற்பது கிலோ மீட்டர் போனால் பெங்களூரின் பெரிய கடைகள். ஆக, வெளிநாட்டு ஃபிரேம் என்பது எட்டாக்கனி இல்லை. ஆனால் நல்லதாகப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டுமே! ஓசூர்க்காரர்களுக்கு இது கஷ்டமும் இல்லை. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிற ஊர் இது. கடிகாரத்தை டயலில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்தா வாங்குகிறோம்? உள்ளே வேலைப்பாடு எப்படி என்றும் கேட்கிறோம் இல்லையா? ஃபிரேமுக்கும் அதேதான். (அந்த டைட்டனே 2007-ல் கண்ணாடித் தொழிலிலும் இறங்கிவிட்டது!)

பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது

ஃபிரேம் மேல் பிராடா, வெர்சாச்சே, ஷனேல் என்று இருக்கிறது. அந்தத் துணிமணிக் கம்பெனிகளே தங்கள் பட்டறையில் செய்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, இவற்றைச் செய்வது லக்ஸோட்டிகா. 1961-ல் இத்தாலியின் அகோர்டோ என்ற மலை ஊரில் லியனார்டோ டெல் வெக்கியோ தொடங்கிய கம்பெனி அது. 2018-ல் பிரெஞ்சு லென்ஸ் கம்பெனியான எஸ்ஸிலாருடன் இணைந்தது.

ரேபான் கதை இன்னும் சுவாரசியம். 1930-களில் அமெரிக்காவில் பிறந்த பெயர். 1999-ல் லக்ஸோட்டிகா வாங்கியது. இந்தியாவில் விற்கிற ரேபானில் ஒரு பகுதி ராஜஸ்தானின் பிவாடியில் தயாராகிறது. பெயர் வெளிநாடு, பிறந்த வீடு நம்ம நாடு! அதனால் சரக்கு மட்டம் என்று அர்த்தமில்லை. "வெளிநாட்டுப் பெயர்" வேறு, "வெளிநாட்டில் செய்தது" வேறு, "நன்றாகச் செய்தது" வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

ஒரு சின்னத் தந்திரத்தையும் கவனியுங்கள். "மேட் இன் இத்தாலி" என்பது செய்த இடம். "இத்தாலி டிசைன்" என்றால் வரைந்த இடம்தான், செய்தது எங்கேயோ! "சி.இ." என்ற முத்திரை ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் குறிக்கிறதே தவிர, ஐரோப்பாவில் செய்தது என்று சொல்வதில்லை.

வேலைப்பாட்டுக்குப் பேர் போன இன்னொரு ஊர், ஜப்பானின் ஸபாயே. பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு ஒரு தொழில் வேண்டும் என்று, 1905-ல் மசுனாகா கோசாயெமோன் என்பவர் வெளியூர்க் கைவினைஞர்களை வரவழைத்துக் கண்ணாடி ஃபிரேம் செய்யக் கற்றுக்கொடுக்க வைத்தார். ஜப்பானில் தயாராகும் ஃபிரேம்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இன்று அந்த வட்டாரத்தில்தான். டைட்டானியம் உலோகத்தில் ஃபிரேம் செய்யும் நுட்பத்தை 1980-களின் தொடக்கத்தில் கைக்கொண்டுவந்தவர்களும் அவர்களே.

எதனால் செய்தது?

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதா? அப்படியானால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். அந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் என்ற உலோகம். சாதாரண உலோக ஃபிரேம்கள் பலவற்றிலும் நிக்கல் கலப்பு உண்டு. மேல்பூச்சு தேய்ந்ததும் வியர்வை பட்டு நிக்கல் கசியும். மூக்கிலும் காதுக்குப் பின்னாலும் அரிப்பு, சிவப்பு, சில சமயம் நீர் கோத்த கொப்புளம். இப்படிப்பட்டவர்கள் டைட்டானியம் கேட்டு வாங்கலாம். எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும், வியர்வைக்கும் துருப்பிடிக்காது. ஆனால் கம்பி மட்டும் டைட்டானியமா, முழு ஃபிரேமுமா என்று கேளுங்கள்.

பிளாஸ்டிக் மாதிரி தெரிவதில் உசத்தி, அசிட்டேட். பஞ்சிலும் மரக்கூழிலும் இருந்து எடுப்பது. தகடாகச் செய்து, அதிலிருந்து வெட்டி, பல நாள் மெருகேற்றுவார்கள். நிறம் மேலே பூசியதாக இல்லாமல் உள்ளேயே ஓடும். சூடு காட்டி வளைக்கலாம் என்பதால் முகத்துக்குத் தகுந்தபடி சரிசெய்வது சுலபம். அதே காரணத்தால் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் கோணிக்கொள்ளும். ஜாக்கிரதை!

காதுத் தண்டின் உள்ளே ஒரு ஜாதகம்

காதில் மாட்டும் தண்டின் உட்பக்கம் பாருங்கள். 52 - 18 - 140 என்பது போல மூன்று எண்கள். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம். 18 என்பது இரண்டு லென்ஸுக்கும் நடுவே, மூக்கு உட்காரும் இடைவெளி. 140 தண்டின் நீளம். எல்லாம் மில்லி மீட்டர்.

இப்போது சின்னக் கணக்கு. 52-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 70. உங்கள் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் 62 என்று வைத்துக்கொள்வோம். (இதைத்தான் கடையில் "பி.டி." என்பார்கள்.) வித்தியாசம் 8. ஆக, ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மில்லி மீட்டர் மூக்குப் பக்கம் தள்ளிப் பொருத்த வேண்டும். ஃபிரேம் பெரிதாகப் பெரிதாக இந்தத் தள்ளலும் கூடும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு வெளி ஓரம் தடித்து, கனமும் ஏறும். மையம் தப்பினால் தலைவலி இலவசம்! பவர் அதிகமா? அகலம் குறைந்த ஃபிரேமே நல்லது.

நாற்பது தாண்டி "புரோகிரசிவ்" போடுபவர்களுக்கு உயரமும் முக்கியம். ஒரே லென்ஸில் மேலே தூரப்பார்வை, கீழே படிக்கும் பவர். இரண்டுக்கும் இடம் வேண்டாமா? லென்ஸின் உயரம் 30 மில்லி மீட்டர் அளவுக்கு இருந்தால் வசதி. அந்தப் படிக்கும் பகுதி மேலே ஏறிப்போனால் மாடிப்படி மங்கும். வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். ஃபிரேம் வழுக்கிக் கீழே இறங்கினால் முகவாயைத் தூக்க வேண்டும். நம்ம துபாய் அப்பாவுக்கு நடந்தது இதுதான். உயர்ந்த மூக்குக்காகச் செய்த ஃபிரேம், நம்மவர்கள் பலருக்கு வியர்வையில் வழுக்கும். தனியாக வளைத்துக்கொள்ளக் கூடிய மூக்குப் பேட் வைத்ததாக வாங்கினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

கையில் எடுத்துப் பாருங்கள்

* இரண்டு தண்டையும் விரித்து மேஜை மேல் தலைகீழாக வையுங்கள். ஆடாமல் நிற்க வேண்டும்.
* தண்டைப் பாதி திறந்து விடுங்கள். தானாகத் தொங்கி விழுந்தால் கீல் தளர்வு.
* மடக்கும்போது கறகறவென்று சத்தம் வரக் கூடாது.
* போட்டுக்கொண்டு குனியுங்கள், சிரியுங்கள். கன்னத்தில் இடிக்கக் கூடாது, நழுவக் கூடாது.

வாங்கும் வழி

முதலில் கண் பரிசோதனை, அப்புறம்தான் ஃபிரேம். இப்போது சௌகரியமாக இருக்கும் பழைய ஃபிரேமின் மூன்று எண்களைக் குறித்து வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புங்கள். ஃபிரேமை மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். லென்ஸை இங்கேயே, ஃபிரேம் உங்கள் முகத்தில் உட்கார்ந்தபின் அளவெடுத்துப் போடுங்கள். கூடவே உதிரித் திருகாணியும் மூக்குப் பேடும் கேளுங்கள். விசேஷத் திருகாணி கழன்று விழுந்தால் உள்ளூரில் கிடைக்காது. பில்லும் பத்திரம்.

தபாலில், கூரியரில் வரவழைத்தால் சுங்க வரி உண்டு. "பரிசு என்று எழுதினால் வரி கிடையாது" என்பதெல்லாம் பழைய கதை. 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகை போய்விட்டது. வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பெங்களூரில் அதே ஃபிரேமைப் போட்டுப் பார்த்து வாங்குவதே லாபமாக இருக்கலாம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவா? சந்தேகப்படுங்கள். போலிச் சரக்கு இதில் ஏராளம்.

சிப்காட்டில் கிரைண்டிங், வெல்டிங் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை ஆயிரம் கொடுத்த ஃபிரேமானாலும் அது பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பட்டறைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தனி.

ஆமாம், அந்த அப்பா என்ன ஆனார் என்கிறீர்களா? கடைக்காரர் மூக்குப் பேடை நெருக்கி, தண்டை வளைத்து, லென்ஸின் உயரத்தைத் திரும்ப அளந்து மாற்றிக்கொடுத்தால் போதும். அதே ஃபிரேம் அழகாக உட்காரும். மகன் ஆசையாகக் கொண்டுவந்தது அலமாரியில் தூங்க வேண்டாமே! உங்கள் வீட்டிலும் ஒருவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு பேப்பர் படிக்கிறாரா? வயசைத் திட்டாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி, இன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.