எல்லையோர ஊர்களில் இல்லம் தேடிவரும் பரிவு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்த நெய்யாற்றின்கரை வட்டத்தில், குறிப்பாகப் பாறசாலையை ஒட்டிய ஊர்களில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு உறவுகளைப் பிரிக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றளவும் தொடர்கின்றன.

இவ்வூர்களை இன்று எதிர்நோக்கும் சிக்கல் வேறு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் மிகுதியான அளவு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ வேறு நகரங்களிலோ பணிபுரிய, பெற்றோர் ஊரில் தனித்திருக்கும் வீடுகள் பல. பக்கவாதத்தாலோ புற்றுநோயாலோ அவர்களுள் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் பணம் மட்டும் துணை நிற்பதில்லை.

நோயாளியின் வலி உடலில் மட்டும் இருப்பதன்று என்பதை மருத்துவ உலகுக்கு வலியுறுத்தியவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அச்சம், தனிமை, கடன், குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோமே என்ற மனக்குறை ஆகியவற்றையும் சேர்த்தே வலியை அளக்கவேண்டும் என்றார் அவர். 1967-இல் இலண்டனில் அவர் நிறுவிய காப்பகம் இக்கருத்தைச் செயலாக்கியது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, சில ஆண்டுகளில் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களின் இயக்கமாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்க இயன்றவர்கள் தன்னார்வலராகச் சேர்ந்து பயிற்சி பெற்றனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. அதன் வழியே ஊராட்சிகள் இல்லப் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றன.

பயிற்சி பெற்ற செவிலியர் வீடு தேடி வருகிறார். புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். சிறுநீர்க் குழாயைக் கவனிக்கிறார். படுக்கைப்புண் வராதிருக்க நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குக் கற்றுத்தருகிறார். தன்னார்வலரின் பணி இதிலிருந்து சற்று மாறுபட்டது. ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, அரிசி தீர்ந்ததா என்று கேட்பது, ஓய்வின்றிப் பணிவிடை செய்யும் மனைவி சிறிது வெளியே சென்று வரும்வரை நோயாளியின் அருகில் அமர்வது, அவர் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது ஆகியன அவருக்குரியவை. மருத்துவச் சீட்டு எம்மொழியில் இருந்தாலும் மருந்து ஒன்றுதான். ஆனால் வேதனை தாய்மொழியில்தான் வாய்விட்டு வரும். இரு மொழியும் அறிந்த அண்டை வீட்டார் இந்த எல்லைப்பகுதிக்குக் கிடைத்த செல்வம் எனலாம்.

இரக்கப்படுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. இரக்கம் நோயாளியைத் தாழ்வான இடத்தில் வைத்துப் பார்க்கிறது. புரிந்துகொள்ளல் சரிநிகராக அமர்த்துகிறது. பணி ஓய்வுக்குப்பின் நாளை எப்படிக் கழிப்பது என்று திகைக்கும் ஒருவருக்குத் தன்னை எதிர்பார்க்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதே உடல்நலத்துக்கு நிகரான நலமாகும். அந்த வீட்டுக்குள் நுழையும்போது சாதியும் சமயமும் வாசலிலேயே நின்றுவிடவேண்டும். இதே வட்டத்தில், நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888-இல் சிவப் பிரதிட்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, அவ்விடத்தைச் சாதி வேற்றுமையும் சமயப் பகையும் அற்ற சகோதரத்துவத்துக்கு முன்மாதிரியாகக் கண்டார். அதற்குமுன் அவர் தவமிருந்த மருத்துவாமலை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது; அவர் தமிழிலும் பாடல்கள் இயற்றியவர்.

இத்திட்டத்தின் வலிமை தன்னார்வலரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. செவிலியரின் மாதாந்திர வருகையும் பதிவேட்டுக் குறிப்புமே எஞ்சுமானால், காயத்துக்கு மருந்து கிடைக்கும், தனிமைக்குக் கிடைக்காது. எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. களியக்காவிளைக்கு இருபுறமும் உள்ள ஊழியர்கள் ஆண்டுக்கு ஓரிருமுறை கூடிப் பேசினாலே, எல்லை கடந்து மகள் வீட்டில் தங்கச் செல்லும் முதியவரின் மருந்துக் குறிப்பும் அவருடனேயே சென்று சேரும்.