சுளுக்கும் நீவலும்

அமராவதி ஆற்றுப் பாசனத்தில் அமைந்த மடத்துக்குளம் வட்டாரத்தில், குமரலிங்கம், கணியூர்ப் பகுதிகளின் வழுக்கும் வரப்புகளில் கால் பிசகுவதும், கரும்புக் கட்டுகளை லாரியில் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதும், நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒரே அசைவை நாள் முழுதும் செய்வதால் தோளும் மணிக்கட்டும் வலியெடுப்பதும் உழைப்போர் வாழ்வில் அடிக்கடி நேர்பவை. இவற்றுக்குப் பலரும் முதலில் நாடுவது சுளுக்கு எடுப்பவரைத்தான். எண்ணெய் விட்டு நீவுவதற்கு மருத்துவத்தில் இடம் உண்டு. ஆயினும் அது அடிபட்ட முதல் சில நாள்களுக்கு உரியதன்று.

மூட்டில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் உறுதியான நார் லிகமென்ட் எனப்படும். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண் ஆகும். பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்டுகள் அளவுக்கு மீறி இழுபட்டு, சில இழைகளோ முழு நாருமோ கிழிகின்றன; பாரம் தூக்கும்போது இடுப்பில் பெரும்பாலும் கிழிவது தசையிழை. நரம்பு விலகிவிட்டது என்றும், இழுத்து உதறினால் அது பழைய இடத்தில் அமரும் என்றும் நிலவும் நம்பிக்கை தவறானது. ஏனெனில் சுளுக்கில் எதுவும் இடம்பெயர்வதில்லை; கிழிந்த இழைகள் தாமே கூடிவர வேண்டும், அதற்குச் சில வாரங்களும், முழு வலிமை பெறச் சில மாதங்களும் ஆகலாம்.

முதல் இரண்டு மூன்று நாள்களில் காயத்தினுள் இரத்தக் கசிவும் வீக்கமும் இருப்பதால், அழுத்தித் தேய்ப்பதும், புளியையும் உப்பையும் காய்ச்சிச் சூடாகப் பற்றுப் போடுவதும் வீக்கத்தைக் கூட்டவே செய்யும். அந்நாள்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைப்பதும், இழுபடும் துணியால் கட்டுப் போடுவதும், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதும் போதுமானவை. ஓய்வும் பனிக்கட்டியும் கட்டும் உயர்த்தலும் சேர்ந்த இம்முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், நீண்ட ஓய்வும் தொடர்ந்த பனிக்கட்டியும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் எனப் பின்னாளில் தாமே திருத்திக்கொண்டார். எனவே வலி அனுமதிக்கும் அளவில் விரைவிலேயே மெல்ல அசைக்கத் தொடங்குவதே இன்றைய வழி. உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த கட்டு, இறுகி மூட்டைத் தாங்குவதால் ஓரளவு பயன்தரக்கூடும். ஆனால் விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ அதை உடனே அவிழ்க்க வேண்டும். அடிபட்டவரால் நான்கு அடி நடக்க இயலாவிட்டாலும், கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலும், எலும்பு முறிவு உண்டா என எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

வீக்கம் வடிந்தபின் நீவுதலுக்கு வேளை வருகிறது. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று வழங்கி, தட்டல், இறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகைப்படுத்துகிறது. காயத்தைக் காக்கவென்று இறுகிப்போன சுற்றுத் தசைகளை நீவுதல் தளர்த்தி, வலியைத் தணித்து, பயிற்சி செய்ய உடலை ஆயத்தப்படுத்துகிறது. கிழிந்த நாரை அதுவே ஒட்டவைப்பதில்லை. சில இடங்களில் அது பெருந்தீங்கும் ஆகும்: முழங்கை அடிபட்ட பிள்ளைகளுக்கு வலிந்து நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம்; காரணம் தெரியாமல் வீங்கிய கெண்டைக்காலில் இரத்தக்கட்டி இருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கவும் கூடும்.

ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் பிசகுவது எளிது. சுவரருகே ஒற்றைக் காலில் நின்று பழகும் எளிய சமநிலைப் பயிற்சியை இயன்முறை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஆயினும் மீண்டும் காயம்படுவதற்குப் பயிற்சிக் குறைவு மட்டுமன்றிக் கூலியும் காரணம்; பீஸ் கணக்கில் தைப்பவர் ஓய்வெடுக்கும் நாளில் வருமானம் இல்லை. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு, வேலையில் நேர்ந்த காயத்தால் உழைக்க இயலாத நாள்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, சராசரி நாள்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும் என்பதால், காயத்தை அன்றே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது மிகவும் இன்றியமையாதது. கரும்பு வெட்டுவோருக்கும் நாற்று நடுவோருக்கும் இக்காப்பு இல்லை. கால் வீங்கியவருக்கு ஒரு வாரம் உட்கார்ந்து செய்யும் வேலையை ஒதுக்கித் தருவது மேஸ்திரிகளாலும் நிலத்துக்காரர்களாலும் இன்றே செய்யக்கூடியது.