முதலாம் வருடத்துப் பிள்ளை: பெறுபேறும் விடுமுறைப் பயணமும்



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னர், ஹட்டன் பகுதியில் சிறு கடையொன்றை நடாத்தி வரும் சகோதரர் ஒருவர் பள்ளிவாசல் தூணருகே எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மூத்த மகன் கிழக்கிலங்கையிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் முதலாம் வருட மாணவன். "ஹஸ்ரத், மகன் ரெண்டு பாடத்துல பெயிலாம். ஒன்றரை மாசமா மறைச்சு வெச்சிருக்கான். இப்ப பெருநாளைக்கும் வரல்லங்கிறான். படிப்ப நிப்பாட்டி கடைக்கே கூட்டிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். வாய்ப்பேச்சுக்காகக் கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறிச் சென்று பெட்டி படுக்கையுடன் அழைத்து வரும் தீர்மானத்தில் இருந்தார்.

அவருடைய கோபத்தை நான் குறை கூறமாட்டேன். நுவரெலியா மாவட்டத்தில் தோட்டப்புறத்தைச் சார்ந்த பாடசாலையொன்றில் கற்று, உயர்தரப் பரீட்சையில் போதிய இஸட் புள்ளி பெற்றுப் பல்கலைக்கழகம் நுழைவது எளிய காரியமல்ல. அனுமதியில் திறமை அடிப்படைக்கும் மாவட்டக் கோட்டாவுக்கும் அப்பால், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளதும், அப்பட்டியலில் நுவரெலியாவும் இடம்பெற்றதும் பலரும் அறிந்ததே. அவ்வாறு கிடைத்த இடத்தை ஒரு கோபத்தில் கைவிட்டால் அது மீண்டும் கிடைக்கப் போவதில்லை. ஆகவே தீர்மானம் எடுக்கும் முன், நடந்தது என்னவென்று விளங்கிக்கொள்வது தந்தையின் கடமையாகும்.

பாடசாலையில் தவணைக்கொரு தேர்ச்சி அறிக்கை வரும், பெற்றார் கையொப்பமிடுவர், எத்தனையாம் பிள்ளை என்பது அதிலேயே இருக்கும். பல்கலைக்கழகத்தில் அப்படியொன்றும் வீட்டுக்கு வருவதில்லை. பரீட்சை முடிந்து சில மாதங்கள் கழித்தே பெறுபேறு வெளியாகும். அதைப் பிள்ளைதான் பார்ப்பான்; சொன்னால்தான் நமக்குத் தெரியும். மகன் மறைத்தான் என்று அந்தச் சகோதரர் கூறினாரே, மறைக்கும் வசதியை இந்த முறைமையே அவனுக்கு அளித்துவிடுகிறது.

புள்ளி ஏன் குறைகிறது? முதற் காரணம் மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்ற பிள்ளை, பெரும்பாலான பீடங்களில் ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்படுகிறான். விடயம் தெரிந்திருந்தும் விடை எழுத வார்த்தை வராது. கொழும்பு, கண்டி நகரப் பாடசாலைப் பிள்ளைக்கு இருக்கும் பழக்கம் மஸ்கெலியாப் பிள்ளைக்கு இருப்பதில்லை. இதனைச் சோம்பேறித்தனம் என்று பெயரிடுவது அநியாயமாகும். இரண்டாவது, தனிமை. ஸுபஹுக்கு எழுப்ப உம்மா இல்லை. டியூசனுக்கு விரட்ட வாப்பா இல்லை. மூன்றாவது, பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி இத்தனை ஆண்டுகள் சென்றும் அது முற்றாக ஒழியவில்லை. இரவில் உறக்கமின்றி அலைக்கழிக்கப்பட்டவன் காலை விரிவுரையில் எதனைக் கிரகிப்பான்? விரிவுரைக்குச் செல்லாமல் ஒளிந்திருந்தால் அடுத்த சிக்கல் வரும்: 80 சதவீத வரவு இல்லாதவர் பரீட்சைக்கு அமர முடியாது என்பதே பொதுவான விதி. எனவே "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் முன் "விரிவுரைக்குப் போகிறாயா? இரவில் தூங்க விடுகிறார்களா?" என்று கேளுங்கள்.

இனி, அந்த ஜீ.பீ.ஏ. என்னும் கணக்கு. இதனை அறியாததனாலேயே பல வீடுகளில் வீண் சண்டை நடக்கிறது. பொதுவாக ஏ தரத்துக்கு 4, பீ தரத்துக்கு 3, சீ தரத்துக்கு 2, டீ தரத்துக்கு 1 என்று புள்ளி உண்டு. இடையில் கூட்டல், கழித்தல் தரங்களும் உண்டு. ஒரு பருவத்தில் சம அளவுள்ள ஐந்து பாடங்களில் இரண்டு பீ, இரண்டு சீ, ஒரு டீ கிடைத்தால் மொத்தம் 11. ஐந்தால் வகுக்க 2.2. பார்ப்பதற்கு இது பயங்கரமாகத் தோன்றும். ஆனால் நான்காண்டுப் பட்டத்தில் எட்டுப் பருவங்கள் உள்ளன. எஞ்சிய ஏழிலும் சராசரி 3.4 எடுத்தால், பருவங்கள் யாவும் சம அளவாயின், முடிவில் 3.25 வரும். அது பெரும்பாலான பீடங்களில் இரண்டாம் வகுப்புக்குப் போதுமானது. சித்தியடையாத பாடத்தை மீண்டும் எழுதலாம். ஆனால் மீள எழுதுபவருக்குப் பல பீடங்களில் சீ தரத்துக்கு மேல் வழங்கப்படுவதில்லை. இதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறப்புக் கற்கைக்குத் தெரிவாவதற்கு முதலாம் வருடப் பெறுபேறே அடிப்படையாகும் பீடங்களும் இருக்கின்றன. ஆகவே "பரவாயில்லை, விடு" என்பதும் சரியல்ல. பீடத்தின் மாணவர் கைநூலை எடுத்து வரச் சொல்லி, தந்தையும் மகனும் ஒன்றாய் அமர்ந்து வாசிப்பதே நல்லது. வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மகன் வாசித்து விளக்கட்டும். அதிலே மகனுக்கும் ஒரு பாடம் உண்டு.

பிள்ளை ஏன் மறைக்கிறது? நான் அறபுக் கல்லூரியில் ஓதிய முதல் வருடம் நஹ்வுப் பாடத்தில் தவறினேன். விடுமுறைக்கு வீடு வந்தும் அறிக்கையைப் பெட்டியின் அடியில், உடுப்புக்குக் கீழே வைத்துவிட்டேன். உம்மா உடுப்புக் கழுவ எடுத்தபோது அகப்பட்டது. வாப்பா ஏசவில்லை. "இதுல எது கஷ்டம்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அறபு இலக்கணம் ஓர் எழுத்தும் தெரியாது! இருந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முனைந்தபோதுதான் எனக்கு எது விளங்கவில்லை என்பது எனக்கே விளங்கிற்று. பிள்ளைகள் பொய் சொல்வது பெரும்பாலும் பெற்றாரை ஏமாற்றுவதற்காக அல்ல. பெற்றாரின் முகம் மாறுவதைப் பார்க்கச் சக்தியில்லாததனால்தான். அதற்காகப் பொய் ஹலாலாகிவிடாது, இளைஞர்களே! மஹாபொலப் பணத்துடன் வாப்பா கடனெடுத்து அனுப்பும் காசும் சேர்ந்தே உங்கள் சாப்பாடு நடக்கிறது. அவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு.

அடுத்தது பயணம். வீட்டுக்கு வரவில்லை என்று மகன் கூறியதற்குப் பெறுபேறு மட்டும்தான் காரணமா என்று சகோதரரிடம் வினவினேன். பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஒலுவில் பக்கமிருந்து ஹட்டனுக்கு வருவதென்றால் அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை கடந்து கண்டியில் இறங்க வேண்டும். பின்னர் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மலையேற வேண்டும். முழு நாள் போய்விடும். மூன்று நாள் விடுமுறையில் இரண்டு நாள் பஸ்ஸிலேயே கழியும். போக வரச் செலவும் சிறிதல்ல. ஒவ்வொரு நீண்ட வார இறுதிக்கும் வா என்று வற்புறுத்துவதும், வராவிட்டால் உம்மா அழுவதும் பிள்ளையின் படிப்பைக் குலைக்கும். பருவ முடிவு விடுமுறைக்கும் பெருநாளுக்கும் வருவதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் இலகு.

இதைவிடக் கனமான விடயமும் உண்டு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, மழை வெள்ளம் காரணமாக விடுமுறை விடப்பட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அறபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர்கள் உள்ளிட்ட பலர் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நமது மலையகத்தையே சிதைத்தது. மண்சரிவால் வீதிகள் அடைபட்டன, புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. அதே ஆண்டு மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுதி திடீரென மூடப்பட்டாலும், பெருநாள் நெருங்கினாலும், வானிலை மோசமாயிருக்கும்போது "எப்படியாவது வந்து சேர்" என்று தொலைபேசியில் கூறாதீர்கள். "அங்கேயே ஒரு நண்பன் வீட்டில் தங்கு, வெள்ளம் வடிந்த பின் வா" என்று கூறும் வாயே அன்பான வாய். நள்ளிரவில் கண்டியில் இறங்கி விடியும் வரை நிற்க நேரும் பஸ்ஸை விட, காலையில் புறப்படும் பஸ் மேலானது. பெண் பிள்ளையாயின் கண்டி வரையாவது தந்தையோ சகோதரனோ சென்று அழைத்து வருவதில் அலுப்புப் பார்க்க வேண்டாம்.

யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். யூஸுபை இழந்த அந்தத் தந்தை, இளைய மகனையும் தானியத்துக்காக மிஸ்ருக்கு அனுப்ப நேர்ந்தது. அச்சத்தினால் தடுத்துவிடவில்லை. மூத்தவர்களிடம் உறுதிமொழி பெற்றார். ஒரே வாசலால் நுழையாதீர்கள் என்று பயண ஒழுங்கும் சொல்லிக் கொடுத்தார். அதன் பின்பே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டினார். நம்மிற் சிலர் முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

பயணத் தொழுகை பற்றியும் மாணவர்கள் அடிக்கடி கேட்கின்றனர். ஷாபிஈ மத்ஹபின்படி ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இப்பயணத்தில், ஊரெல்லையைக் கடந்த பின் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்தும் தொழலாம். கண்டியில் பஸ் மாறும் இடைவெளி அதற்குப் போதும். ஆனால் விடுதியில் ஒரு பருவம் முழுவதும் தங்கியிருப்பவர் பயணியல்லர். வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்க நாடினாலே அச்சலுகை முடிந்துவிடும். சொந்த ஊர் வந்து சேர்ந்தவருக்கும் அப்படியே.

அந்தச் சகோதரர் மறுநாள் பஸ் ஏறவில்லை. தொலைபேசியில் மகனிடம் "எது கஷ்டம்?" என்று கேட்டாராம். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமே இல்லையாம். பிறகு மகன் ஆங்கிலம் என்றானாம். வருவதற்குப் பஸ் காசு இல்லை, கேட்க வெட்கமாயிருந்தது என்றும் சொன்னானாம். பெருநாளுக்கு முதல்நாள் அஸருக்கு அவனைப் பள்ளிவாசலில் கண்டேன். தகப்பனும் மகனும் ஒரே ஸப்பில் நின்றார்கள். மீள்பரீட்சைக்கான விண்ணப்பத் திகதியைத் தகப்பன் கடைச் சுவரிலுள்ள கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.